ஆறும் வாழ வேண்டும், ஆலையும் வாழ வேண்டும்

'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. ஆலைக் கழிவுகளைப் பொறுத்தவரை இவ்வாக்கை நாம் நெடுங்காலம் மறந்திருந்தோம். அதை நினைவூட்டுவதே சுற்றுச்சூழல் அலுவலரின் பணி. அப்பணிக்கு வேண்டிய திறமைகள் காலந்தோறும் மாறி வந்த விதத்தைச் சிறிது காண்போம்.

நம் நாட்டில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ஆம் ஆண்டு வந்தது. போபால் நச்சுவாயு விபத்துக்குப் பின் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அந்நாளில் இவ்வலுவலருக்கு வேதியியல் அறிவே பெரிதும் வேண்டியிருந்தது. ஆலையிலிருந்து வெளிவரும் நீரைப் பரிசோதித்து, அளவுகளைக் குறித்து, அரசுக்கு அனுப்புவதே முக்கிய வேலை.

அது மட்டும் போதாது என்பதைத் திருப்பூர் காட்டியது. பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற மிகுந்த உப்பு தேவை. சாயம் துணியில் ஒட்டிக்கொள்ளும். உப்போ நீரோடு போய்விடும். அந்நீர் நொய்யல் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்திற்கென்று கட்டிய அணையின் நீரே பயிருக்குப் பகையாயிற்று. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத நிலையை எய்தாத சாய ஆலைகளை மூடும்படி, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஒருபுறம் உழவரின் நிலம். மறுபுறம் தொழிலாளியின் கூலி!

கழிவுநீரைச் சவ்வு வடிகட்டிகளில் செலுத்தி நல்ல நீரைப் பிரித்து, எஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சி, நீரையும் உப்பையும் மீண்டும் சாயத்திற்கே பயன்படுத்துவதே இதற்குக் கண்ட வழி. ஆனால் காய்ச்சுவதற்கு எரிபொருளும் மின்சாரமும் ஏராளமாக வேண்டும். ஆற்றைக் காக்கப் போய்க் காற்றில் கரியமில வாயுவைக் கூட்டலாமா? ஆகவே இன்றைய அலுவலர் நீரையும் காற்றையும் ஒரே தராசில் இட்டு நிறுக்க வேண்டும். கழிவு வந்தபின் காய்ச்சுவதைவிட, சாயத்தொட்டியிலேயே நீரும் உப்பும் குறைவாகச் செலவாகும் முறையைத் தேட வேண்டும். இதுவன்றோ வருமுன் போடும் அணை!

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுள் முதல் 1000 நிறுவனங்கள், தம் சுற்றுச்சூழல் கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது 2022-23 முதல் செபி அமைப்பின் விதி. எனவே கணக்கரின் நுணுக்கமும் இவ்வலுவலருக்குத் தேவை. தொழிலாளிக்கு எளிய சொல்லால் விளக்கவும், முதலாளிக்கு வரவு செலவால் உணர்த்தவும், உழவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்கவும் தெரிய வேண்டும்.

இவை அனைத்திற்கும் மேலானது உண்மை. அறிக்கையில் ஓர் எண்ணைக் குறைத்து எழுதினால், அதன் பலனை ஆற்றின் கீழ்க்கரையில் வாழும் ஏழையே அனுபவிப்பான். இயற்கையைப் பேணுவதும் ஏழையைப் பேணுவதும் பிரிக்க முடியாத கடமைகள் என்பதையே, திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலும் வலியுறுத்துகிறது.

தோழியரே! வேதியியல், கணக்கு, தமிழ் ஆகியவற்றை வெவ்வேறு பாடங்களென்று எண்ணிப் படிக்கிறோம். இப்பணியிலோ மூன்றும் கைகோக்கின்றன. அவற்றோடு மனச்சாட்சியையும் சேர்த்துப் பயில்வோம். இறைவன் நம்மிடம் ஒப்படைத்த படைப்பைக் காப்போம்!