‘0.00’ என்று காட்டும் செஸ் இன்ஜின், நமக்குச் சொல்லாமல் விடுவது என்ன?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டம். டிங் லிரனும் குகேஷும் 6.5 - 6.5 என்று சமமாக நிற்கிறார்கள். இந்த ஆட்டமும் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. நேரலைத் திரையின் ஓரத்தில் இருந்த மதிப்பீட்டுப் பட்டை நடுவிலேயே உறைந்திருந்தது. 55-வது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். பட்டை சடாரென்று கறுப்புப் பக்கம் சாய்ந்தது.

அந்த நொடியில், செஸ் அவ்வளவாகத் தெரியாமல் மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக்கூட டிங் மாட்டிக்கொண்டார் என்று தெரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த குகேஷுக்கு உடனே தெரியவில்லை. முதலில் யானையை வேறு இடத்துக்கு நகர்த்தத்தான் நினைத்ததாகவும், அப்புறம்தான் டிங்கின் பிஷப் சிக்கியிருப்பதைக் கவனித்ததாகவும் அவரே பிறகு சொன்னார்.

ஏன் அது தவறு? யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் வைத்தார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் இருந்தது. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு மூலைவிட்டம்தான். அந்தப் பாதையிலேயே குகேஷின் பிஷப் வந்து நின்றுவிட்டது, தப்பிக்க வழி இல்லை. பிஷப்புகளும் வெட்டுப்பட்டால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும்தான், அதில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். 58-வது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. 18 வயதில் உலக சாம்பியன்.

இந்தக் காரணத்தில் ஒரு வரியைக்கூட பட்டை சொல்லவில்லை. முடிவை மட்டும் காட்டியது.

ரெண்டு போன், ரெண்டு பதில்

போன மாதம் மட்டாஞ்சேரியில் ஒரு டீக்கடை. காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கும் ரெண்டு தமிழ்ப் பையன்கள் முந்தைய இரவு ஆன்லைனில் ஆடிய ஆட்டத்தை அலசிக்கொண்டிருந்தார்கள். ஒரு போனில் +0.3, இன்னொன்றில் +0.9. “மச்சி, உன் ஆப் சரியில்லடா” என்றார் ஒருவர். ரெண்டிலும் ஓடியது ஒரே ஸ்டாக்ஃபிஷ்தான்.

அப்புறம் ஏன் வித்தியாசம்? இன்ஜின் தருவது ஒரு விடை அல்ல, ஒரு தேடலின் அந்த நேரத்து நிலவரம். எவ்வளவு நேரம் ஓடியது, ப்ராசஸர் எவ்வளவு வேகம் என்பதைப் பொறுத்து எண் மாறும். பல த்ரெட்களில் ஓடினால் ஒரே போனில் ரெண்டு முறை கேட்டாலும் கொஞ்சம் வேறுபடலாம்.

‘டெப்த் 30’ என்று பக்கத்தில் போட்டிருப்பார்கள். 30 அரை நகர்த்தல்கள், அதாவது ஆளுக்கு 15. ஆனால் அத்தனை சாத்தியங்களையும் 15 நகர்த்தல் வரை பார்த்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. உருப்படாது என்று தோன்றும் கிளைகளை இன்ஜின் சீக்கிரமே வெட்டிவிடும், சுவாரஸ்யமான கிளைகளில் 30-ஐத் தாண்டியும் போகும்.

+1.00 என்றால் ஒரு சிப்பாய் லாபமா?

பழைய கணக்கு அது. 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1-இல் இதை மாற்றிவிட்டார்கள். இப்போது +1.00 என்றால், இன்ஜின் தன்னோடு தானே மோதினால் வெள்ளை ஜெயிக்க 50% வாய்ப்பு. நீங்களும் நானும் ஆடினால் அல்ல, ஸ்டாக்ஃபிஷ்ஷும் ஸ்டாக்ஃபிஷ்ஷும் ஆடினால்! இதைத் தெரிந்துகொள்ளாமலே நம்மில் பலர் +1.00-ஐப் பார்த்து நிம்மதி அடைகிறோம்.

எல்லா இன்ஜினும் ஒரே மாதிரி தேடுவதும் இல்லை. 2017-இல் ஸ்டாக்ஃபிஷ்ஷை வென்ற ஆல்ஃபாஸீரோ நொடிக்குச் சுமார் 80,000 நிலைகளைத்தான் பார்த்தது. ஸ்டாக்ஃபிஷ் பார்த்தது சுமார் 7 கோடி. அந்த வழியில் வந்த லீலா, ஒவ்வொரு நகர்த்தலையும் எத்தனை முறை ஆராய்ந்தது என்ற எண்ணிக்கையைக் காட்டும். கூடவே வெற்றி, டிரா, தோல்வி என மூன்று சதவீதங்களையும் தரும். என்னைக் கேட்டால் ஒற்றை எண்ணைவிட இது நேர்மையானது.

அப்போ எதைக் காட்ட வேண்டும்?

டேட்டா ஜர்னலிசத்தில் பிழை வரம்பு போடாமல் ஒரு கருத்துக்கணிப்பு சார்ட் கொடுத்தால் எடிட்டர் திருப்பி அனுப்பிவிடுவார். செஸ் நேரலையில் மட்டும் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

என் பார்வையில் முதலில் காட்ட வேண்டியது, சிறந்த நகர்த்தலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளி. 0.00 என்பதில் ரெண்டு வகை உண்டு. எதை ஆடினாலும் டிரா ஆகிற 0.00 ஒன்று. ஒரே ஒரு நகர்த்தல்தான் காப்பாற்றும், மற்றதெல்லாம் தோல்வி என்கிற 0.00 இன்னொன்று. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் மனிதருக்கு இவை ரெண்டும் ஒன்றா என்ன? லிசெஸ் போன்ற தளங்களில் ஒரே நேரத்தில் ஐந்து வரிசைகள் வரை பார்க்கலாம். ஆனால் அதற்கு விலை உண்டு: வரிசை கூடினால் அதே ஆழத்தை எட்ட அதிக நேரம் பிடிக்கும். நேரலைப் பட்டையிலோ இந்தத் தகவல் வருவதே இல்லை.

அடுத்தது, அந்த எண் ஆழம் கூடக்கூட நிலையாக இருந்ததா, ஆடிக்கொண்டே இருந்ததா என்பது. டெப்த் 18-இல் +2, 24-இல் 0, 28-இல் +1 என்று போனால் இன்ஜினுக்கே தெளிவில்லை என்று அர்த்தம். கடைசி எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.

இது மதிப்பீடா, நிரூபணமா என்பதும் தெரிய வேண்டும். ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களுக்குள் வந்துவிட்டால் டேபிள்பேஸ் எனப்படும் தரவுத்தளத்தில் முழு விடையும் ஏற்கெனவே கணக்கிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே ‘டிரா’ என்றால் டிராதான், சந்தேகமே இல்லை. 25 காய்கள் இருக்கும்போது வரும் 0.00 வெறும் ஊகம். திரையில் ரெண்டுக்கும் ஒரே பட்டைதான்.

டீக்கடைப் பையன்கள் கடைசியில் இரண்டாவது வரிசையை ஆன் செய்தார்கள். முதல் நகர்த்தலுக்கு +0.9, இரண்டாவதுக்கு –3.1. நேற்றிரவு அவர் ஆடியது இரண்டாவது.