சர்க்கார் விடுமுறையும் சில்லறை வியாபாரமும்

சனிக்கிழமை முற்பகலில் ரெயில் பவன் பக்கமாக நடந்து செல்லும் அன்பர்கள் ஒரு காட்சியைக் காணலாம். மற்ற நாட்களில் தோளோடு தோள் உரசும் நடைபாதை அன்று வெறிச்சோடிக் கிடக்கும். தேநீர்க்காரரின் அடுப்பு எரியாது. வேர்க்கடலை வண்டி வராது. நகல் எடுத்துத் தருபவரின் கடையில் பாதிக் கதவு மூடியிருக்கும். காரியாலயத்தில் உத்தியோகம் பார்க்கும் நம்மவருக்கு அது ஓய்வு நாள். வாசலில் பிழைப்பவருக்கோ வரும்படியில்லாத நாள். இவ்விரண்டும் ஒரே நாளாக அமைந்திருப்பதைப் பற்றி நாம் ஆற அமர எண்ணிப் பார்த்ததுண்டா?

மத்திய சர்க்காரின் நிர்வாகக் காரியாலயங்களுக்கு வாரத்தில் 5 நாள் வேலை என்ற முறை 1985 ஜூன் 3 முதல் அமுலுக்கு வந்தது. காலை 9 மணி முதல் மாலை 5.30 மணி வரை வேலை. இடையில் அரை மணி நேரம் உணவுக்கு. ஆக, நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி. சனிக்கிழமையை விட்டுக்கொடுத்த சர்க்கார், அதற்கு ஈடாக மற்ற நாட்களை நீட்டிக்கொண்டது. கோப்புகளின் கணக்கில் இது சரியாகவே இருக்கலாம். தேநீர்க்காரரின் கணக்கு வேறு. அவருக்கு மணிக்கணக்கு இல்லை, நாள்கணக்குதான். நாளொன்றுக்கு 40 சாப்பாட்டுக் கேரியர் அனுப்பும் ஒருவருக்கு, 6 நாள் வாரத்தில் 240 கேரியர். 5 நாள் வாரத்தில் 200. மாலை 5 மணிக்குப் பதில் 5.30 மணிக்கு உத்தியோகஸ்தர் எழுந்து போவதால் எவரும் இரண்டாவது சாப்பாடு சாப்பிடப் போவதில்லை. வீட்டு வாடகையோ மாதத்துக்கு ஒரே வாடகைதான்.

அப்படியானால் அந்தப் பணம் எங்கே போயிற்று? மறைந்துவிடவில்லை, இடம் மாறிற்று. சனிக்கிழமை மாலையில் கரோல்பாக்கின் அஜ்மல்கான் சாலையிலோ சரோஜினி நகரிலோ கால் வைக்க இடமிருக்கிறதா? குழந்தைகளுக்குச் சட்டை, பண்டிகைக்குப் புடவை, காய்கறி, பாத்திரம் எல்லாவற்றையும் குடும்பத்தோடு சென்று வாங்குவதற்கு அந்த ஓய்வு நாளே வழி செய்தது. தில்லியில் 1954ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தின் வழியாக ஒவ்வொரு வட்டாரக் கடைத்தெருவுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு நாளாகக் குறிக்கப்பட்டு வந்தது. கன்னாட் பிளேஸுக்கு ஞாயிறு, கரோல்பாக்குக்குத் திங்கள். காரியாலயம் அடைத்திருக்கும் சனிக்கிழமையில் இவ்விரண்டு கடைத்தெருக்களுமே திறந்திருக்கும். ஆகவே காரியாலய வாசலில் விழுந்த துண்டு, குடியிருப்புப் பக்கத்துக் கடைத்தெருவில் லாபமாயிற்று எனலாம். ஆனால் வாசலில் கடை போட்டவர் சனிக்கிழமைக்கென்று கரோல்பாக்கில் போய் இடம் பிடிக்க முடியுமா? ஏற்கெனவே அங்கிருப்பவர் விடமாட்டார். நடைபாதை வியாபாரிகளைக் காப்பதற்காக வந்த 2014ஆம் ஆண்டுச் சட்டமும், குறிப்பிட்ட இடத்துக்கென்றே சான்றிதழ் வழங்குகிறது.

சர்க்கார் நகர்ந்தால் சந்தையும் நகரும் என்பது இந்நகருக்குப் புதிதன்று. 1864 முதல் சிம்லாவே வெள்ளையர் ஆட்சியின் கோடைகாலத் தலைநகரம். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று 1911இல் அறிவிக்கப்பட்ட பின்னரும் வெயில் ஏறியதும் கோப்புகளும் குமாஸ்தாக்களும் மலையேறுவது நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு அவ்வழக்கம் ஓய்ந்தது. அதுவரை சர்க்காரோடு மலையேற வசதியுள்ள கடைக்காரர் அங்கும் ஒரு கிளை வைத்துக்கொண்டார். வசதியில்லாதவர் ஈ ஓட்டிக்கொண்டு மழைக்காலம் முடியக் காத்திருந்தார்.

நம் காலத்திலேயே இதற்கு நல்ல சான்று ஒன்றுண்டு. காஷ்மீரத்து அரசர் ரண்பீர் சிங் 1872இல் தொடங்கிய ‘தர்பார் மாற்றம்’ என்னும் வழக்கப்படி, கோடையில் ஸ்ரீநகரிலும் குளிர்காலத்தில் ஜம்முவிலும் தலைமைச் செயலகம் இயங்கி வந்தது. 2021 ஜூன் மாதத்தில் இது நிறுத்தப்பட்டது. கோப்புகளெல்லாம் கணினிக்கு மாறிவிட்டன, ஆண்டுக்கு 200 கோடி ரூபாய் மிச்சம் என்று நிர்வாகம் கூறியது. ஆனால் குளிர்காலந்தோறும் குடும்பத்தோடு வந்து தங்கும் ஆயிரக்கணக்கான சிப்பந்திகளை நம்பியிருந்த ஜம்மு வியாபாரிகள் குமுறினார்கள். முடிவில் 2025 அக்டோபரில் பழைய வழக்கத்தை மீட்டு உத்தரவாயிற்று. நவம்பர் 3ஆம் நாள் ஜம்முவில் செயலகம் திறந்தபோது, நடந்து வந்த முதலமைச்சரை வியாபாரிகள் வழிநெடுக நின்று வரவேற்றார்கள். செலவு மிச்சம் என்பது ஏட்டில் ஒரு வரி. அதே வரி எத்தனை அடுப்புகளை அணைக்கிறது என்பதை ஏடு சொல்வதில்லை.

திட்டமிட்டு வரும் விடுமுறையையாவது வியாபாரி பழகிக்கொள்கிறார். திடீரென்று வருவதே அவரைச் சாய்க்கிறது. 2020 மார்ச் 25 முதல் நாடே அடைபட்டது. ஏப்ரல் 20க்குப் பின் காரியாலயங்கள் திறந்தபோதும் கீழ்நிலைச் சிப்பந்திகளில் மூன்றில் ஒரு பங்கினரே வரவேண்டும் என்றாயிற்று. மீண்டும் 2022 ஜனவரி 3 முதல் பாதிப் பேர். பிப்ரவரி 7இல்தான் முழு வருகை. 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாட்டுக்காக 8 முதல் 10 வரை காரியாலயங்களோடு புதுதில்லி வட்டாரக் கடைகளும் அடைக்கப்பட்டன. 2024 நவம்பரில் புகைமூட்டம் தாளாமல், தில்லி சர்க்கார் தன் சிப்பந்திகளில் பாதிப் பேரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிற்று.

அதே நவம்பரில் மற்றொரு ஏற்பாடும் செய்யப்பட்டது. மாநகராட்சிக்குக் காலை 8.30 மணி, மத்திய சர்க்காருக்கு 9 மணி, தில்லி சர்க்காருக்கு 10 மணி என்று தொடக்க நேரங்கள் பிரித்து வைக்கப்பட்டன. இதையும் அதையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். நேரத்தைப் பிரித்தால் தேநீர்க்காரருக்கு வாடிக்கை குறைவதில்லை. ஒரே நேரத்தில் முட்டி மோதாமல் வரிசையாக வருகிறது. ஆளைப் பாதியாக்கினால் வாடிக்கையும் பாதி. பஞ்சாபில் மின்சாரச் சிக்கனத்துக்காக 2023 மே 2 முதல் ஜூலை 15 வரை காலை 7.30 மணி முதல் பகல் 2 மணி வரையே காரியாலயங்கள் நடந்தன. 2 மணிக்கு வேலை முடிந்தால், மதியச் சாப்பாட்டுக்கு எவர் கடைக்குப் போவார்? வீட்டுக்கல்லவா போவார்? ஆகவே நேரத்தில் கை வைக்கும்போது எந்த நேரத்தில் வைக்கிறோம் என்பது முக்கியம்.

கரோல்பாக்கில் நமக்குத் தெரிந்த ஓர் அம்மையார் இருக்கிறார். கணவர் மறைந்த பின், காரியாலயங்களுக்குச் சிற்றுண்டியும் சாப்பாடும் அனுப்பி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். பாதிப் பேர் வந்தால் போதும் என்ற உத்தரவு வந்த மறுநாள் அவரைக் கண்டோம். முந்தின நாள் அரைத்த மாவு இரண்டு பெரிய பாத்திரங்களில் பொங்கி வழிந்து கொண்டிருந்தது.

“லீவு விடுவதைப் பற்றி எனக்கொன்றும் வருத்தமில்லை, தம்பி. புகையில் எல்லோரும் இருமிக்கொண்டுதானே இருக்கிறோம்? நாளைக்கு எத்தனை பேர் என்று முதல் நாள் மதியமே தெரிந்தால் போதும். ஊறப்போட்ட அரிசியைத் திரும்ப மூட்டையில் கொட்ட முடியாதே!” என்றார்.

அவர் கேட்டது சலுகையன்று; அரை நாள் அவகாசம். அதைக்கூட நாம் அவருக்குக் கொடுக்கவில்லை. விடுமுறைச் செய்தி கைப்பேசியில் வந்ததும் ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்ந்த நம்மவர்களில், அந்த அம்மையாருக்குச் சொல்லி அனுப்பியவர் எத்தனை பேர்?

ஓய்வு நாள் வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. தமிழ் வகுப்புக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்வதும், ஊரிலுள்ள பெற்றோருடன் நிதானமாகப் பேசுவதும் அந்தச் சனிக்கிழமையால்தான் முடிகிறது. காரியாலயங்களும் ஓரிடத்தில் நிற்கப் போவதில்லை. 2025 ஆகஸ்ட் 6ஆம் நாள் திறக்கப்பட்ட கர்த்தவ்ய பவனுக்கு உள்துறை முதலான அமைச்சகங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. கட்டடம் மாறும்போது பழைய வாசலில் நின்றவரையும் நினைக்கவேண்டும் என்பதே நம் விண்ணப்பம்.

இதில் சர்க்கார் செய்யவேண்டியது ஒன்று. நாம் செய்யக்கூடியது மூன்று. வருகை குறைப்பு உத்தரவை, அபாயமான வேளை தவிர, ஒரு நாள் முன்னதாகவேனும் வெளியிடுவது சர்க்காரின் கடமை. நாம் செய்யக்கூடியவற்றில் முதலாவது, செய்தி தெரிந்த உடனே சாப்பாடு அனுப்புபவருக்குச் சொல்லிவிடுவது. இரண்டாவது, சொல்லத் தவறிய நாளுக்குரிய பணத்தைப் பிடித்துக்கொள்ளாமல் கொடுத்துவிடுவது. மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு, வராத நாளுக்கும் சம்பளம் வருகிறதல்லவா? மூன்றாவது, படிவங்களோடு பழகிய நம் கையை அவர்களுக்குக் கொஞ்சம் இரவல் தருவது. நடைபாதை வியாபாரிகளுக்காக 2020 ஜூன் மாதம் தொடங்கிய ஸ்வநிதி கடன் திட்டத்தில், 2025இல் செய்த திருத்தத்தின்படி முதல் தவணை 15,000 ரூபாய், இரண்டாவது 25,000, மூன்றாவது 50,000. அதற்கு மனுப் போடத் தெரியாமல் வட்டிக்காரரிடம் செல்வோர் நம்மவரிலும் உண்டு. சங்கத்தில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மேஜை போட்டு உட்கார நாலு பேர் முன்வந்தால் போதும். நமக்குக் கிடைத்த சனிக்கிழமையில் ஒரு மணி நேரம், அதை இழந்தவருக்குத் திரும்பிப் போகட்டும்.