இரைச்சலுக்குப் பயந்து ஏர்த்தை அறுக்காதீர்கள்

சித்திரைப் பௌர்ணமியன்று யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை உறங்குவதில்லை. முத்துமாரி அம்மன் கோயில் தீர்த்தத் திருவிழாவோடு வரும் இந்திர விழாவுக்கு வீதி நெடுக மின்விளக்குகள் எரியும். ஆங்காங்கே போட்ட மேடைகளில் இசைக்குழுக்கள் வாசிக்கும். மின் கிற்றார்காரருக்கு இதைவிடச் சோதனையான இடம் கிடையாது. சுற்றிலும் மின்சாரம் ஓடும் வயர்கள், மினுங்கும் விளக்குகள், அவற்றை ஆட்டுவிக்கும் டிமர்கள், பின்பக்கத்தில் ஜெனரேற்றர். பாட்டு நின்றதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் எழும்புகிறது.

இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். கிற்றாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மயிரிழைச் செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றிய சுருள். தந்தி அதிர்வதை அது எப்படிப் பிடிக்கிறதோ, அப்படியே பக்கத்து வயரின் 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலத்தையும் பிடித்துவிடுகிறது. இதற்கு மாற்றாக, கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் 1955இல் ஹம்பக்கர் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டார், 1959இல் கிடைத்தது. எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள், ஒன்றின் காந்தம் மற்றதற்குத் தலைகீழ். தந்தியின் ஒலி இரண்டிலும் சேர்ந்து கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒற்றைச் சுருளின் பளிச்சென்ற நாதம் இதில் வராது என்று சொல்பவர்கள் உண்டு, அதுவும் உண்மைதான்.

தைப்பொங்கலுக்கு உதயசூரியன் கடற்கரையில் பட்டம் ஏற்றும் ஊர் இது. பட்டத்தில் கட்டிய விண் கூவுகிற கூவலை வைத்தே அதன் இறுக்கம் சரியா பிழையா என்று சொல்லும் காதுகள் இங்கே உண்டு. அதே காதை இரைச்சலுக்கும் கொடுத்தால் குற்றம் எங்கே என்று பிடிபடும்.

முதலில் கிற்றாரின் வொலியூமை அடியோடு குறைக்க வேண்டும். இரைச்சல் போய்விட்டால் அது கிற்றார் வழியாக வருவது. போகாவிட்டால் வயரிலோ அம்பிலோ மின் இணைப்பிலோ தேட வேண்டும். நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பும்போது கூடிக் குறைந்தால் பிக்கப் காந்தப்புலத்தை இழுக்கிறது: டிமரையும் டிரான்ஸ்போமரையும் விட்டு விலகி நின்றாலே பாதி தீரும். தந்தியைத் தொட்டதும் தணிந்தால் கிற்றாரின் உட்குழிக்கு மறைப்புப் போதாது. செப்புத் தாள் ஒட்டி, அதைக் கிற்றாரின் ஏர்த் புள்ளியோடு பற்றவைக்க வேண்டும். கிற்றாரைக் கழற்றிய பிறகும் அம்ப் 100 ஹேர்ட்ஸில் இரைந்தால் உள்ளே கப்பாசிற்றர் தளர்ந்திருக்கலாம். அணைத்த பின்னும் அதில் மின்னேற்றம் தங்கும் என்பதால் தெரிந்தவர்தான் திறக்க வேண்டும். கடற்காற்று பட்டு ஜாக்கில் உப்புப் பூத்திருந்தால் துடைத்துவிட்டால் போதும்.

ஆனால் மேடையில் அவசரத்துக்கு எடுபடுவது இந்த வழிகள் அல்ல. 'பிளக்கின் ஏர்த் முள்ளை முறி, ஏர்த் வயரைக் கழற்றிவிடு, சத்தம் நின்றுவிடும்' என்கிற உலகம் முழுக்கப் பரவிய குறுக்குவழிதான். சத்தம் நிற்கத்தான் செய்கிறது. அதுதான் ஆபத்து.

அம்ப் ஒரு பிளக்கில், மிக்ஸர் தூரத்தில் இன்னொரு பிளக்கில் இருக்கும்போது இரண்டு ஏர்த் வழிகளும் சிக்னல் வயரின் உறையும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. இரண்டு ஏர்த்துக்கும் இடையிலுள்ள சிறு வோல்ற்று வித்தியாசம் அந்த வளையத்தில் மின்னோட்டத்தை ஓடவிட்டு இரைச்சலாகிறது. ஓர் ஏர்த்தை அறுத்தால் வளையம் அறும், கூடவே காவலும் அறும். பிறகு அம்பின் உள்ளே ஒரு வயர் நழுவி உலோகப் பெட்டியைத் தொட்டால், 230 வோல்ற்று வயர் உறை வழியாகக் கிற்றாரின் தந்திக்கு வந்து நிற்கும். வாசிப்பவரின் உதடு மைக்கைத் தொடும் கணத்தில் மின்சாரம் அவர் உடலினூடாகப் பாயும்.

இது கற்பனைப் பயமல்ல. 1972 மே 3ஆம் திகதி வேல்ஸின் சுவான்சியில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, ஏர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் வீட்டில் மின் கிற்றார் வாசிக்கையில் மின்சாரம் தாக்கி இறந்தார். 1965இல் சக்ரமென்ரோ மேடையில் கிற்றார் மைக் கம்பத்தில் பட்டு மயங்கி விழுந்த கீத் ரிச்சர்ட்ஸ் பிழைத்ததற்கு அவரது இரப்பர் அடிச் சப்பாத்தைக் காரணம் சொல்வார்கள். கோயில் வீதி மேடையில் வெறுங்காலோடு ஏறுகிறவருக்கு அந்தச் சப்பாத்தும் இல்லை.

வல்வெட்டித்துறைக்கு இந்தக் கவலை இன்னும் கூடுதல். அடியில் சுண்ணாம்புக்கல், ஏர்த் கம்பி ஆழமாக இறங்குவது கடினம். கரையோர உப்பு, கம்பியின் பிடியை அரிக்கும். சித்திரையில் மேல்மண் காய்ந்து கிடக்கும், காய்ந்த மண் மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது. 1990இல் போர் மீண்டும் மூண்டு மின்சாரம் நின்றபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட குடாநாடு இது. டைனமோவிலும் பற்றறியிலும் கைபழகியவர்களுக்கு ஏர்த் ஓர் உபரி வயராகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை. 'இவ்வளவு காலமும் ஒன்றும் நடக்கவில்லையே' என்பார்கள். நடக்க ஒரு தடவை போதும்.

முள்ளை முறிக்காமலே வளையத்தை உடைக்கலாம். மேடையிலுள்ள அம்புக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். அது முடியாவிட்டால் சிக்னல் வயரின் இடையில் டிரான்ஸ்போமர் உள்ள டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன்) பெட்டி வைக்கலாம்; அதன் சுவிட்ச் சிக்னல் உறையை மட்டுமே துண்டிக்கும், மின் பிளக்கின் ஏர்த்தைத் தொடாது. 30 மில்லி அம்பியர் கசிவில் விழும் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். ஜெனரேற்றரில் நியூட்ரலை ஏர்த்தோடு இணைக்காவிட்டால் அந்தச் சுவிட்ச் வேலை செய்யாமல் போகலாம், ஆகவே அதை மின்னியலாளர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

மேடைக்கும் பந்தலுக்கும் விளக்குக்கும் கணக்கெழுதும் விழாக் குழுக்கள், மாலையில் வந்து ஏர்த்தை அளந்து கையெழுத்திட்டுத் தரும் மின்னியலாளருக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். கிற்றார்காரரும் தன் பங்குக்குப் பாடத் தொடங்குமுன் மீற்றரை ஏ.சி. வோல்ற்றில் வைத்து, ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை மைக்கின் உலோக வலையிலும் பிடித்துப் பார்க்க வேண்டும். மீற்றரின் முள் பூச்சியத்தை விட்டு மேலே ஏறி நின்றால், பிழையைக் கண்டுபிடிக்கும் வரை அந்த மேடையில் மின் கிற்றார் வேண்டாம்.