பின்னால் எடை மாட்டியாச்சா?

வானொலியில் பேசுவது என் தொழில். ஆனாலும் செமினிப் பக்கம் சிறிய டிராக்டர் மண் அள்ளினால் என் கண் பின்சக்கரத்துக்குத்தான் போகும்.

முன்னச்சுதான் தராசின் நடு. முன்வாளி நிறைந்தால் பின்பக்கம் லேசாகிவிடும், சக்கரம் வழுக்கும். பல சிறிய டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில்தான் பிடிக்கும். அவை எழும்பினால், இறக்கத்தில் வண்டி நிற்காது, கவிழவும் கூடும்.

மருந்து எளிது. பின்னால் கலப்பை மாட்டும் இடத்தில் எடை மாட்டுங்கள். 200 லிட்டர் டிரம்மில் பாதிவரை கான்கிரீட் ஊற்றினாலே ஏறக்குறைய 240 கிலோ. உங்கள் வண்டி எவ்வளவு தாங்கும் என்பது கையேட்டில் இருக்கும். டயரில் தண்ணீர் நிரப்பினால் பிடிமானம் கூடும். முன்னச்சின் சுமையைக் குறைப்பது பின்னால் தொங்கும் எடைதான். வாளியையும் தாழ்த்தியே ஓட்டுங்கள்.

அப்பாவோ அண்ணனோ டிராக்டர் எடுக்கும்போது, "சாப்பிட்டாச்சா?" என்பதோடு இதையும் கேளுங்கள்.