கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் மாணவனைக் கேளுங்கள்!

10-ம் வகுப்பு தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும். தாராவி, சயான், மாட்டுங்கா, முலுண்டு, டோம்பிவிலி என்று மும்பையில் தமிழர்கள் வாழும் இடமெல்லாம் ஒரே பேச்சுதான். "பிள்ளையை எந்தக் காலேஜில் சேர்க்கலாம்?"

நம் ஊரில் படித்த பள்ளியிலேயே பிளஸ்-1 சேர்ந்துவிடலாம். மராட்டிய மாநிலத்தில் 11, 12-ம் வகுப்புகளுக்குப் பெரும்பாலும் ஜூனியர் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். 15, 16 வயதுப் பிள்ளைக்கு அது புது இடம், புது ஆசிரியர், பல நேரங்களில் புது மொழி.

நாம் யாரை யோசனை கேட்கிறோம்? ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரரை. சங்கத்து செயலாளரை. கடைசியில் காதில் அதிகம் விழுந்த பெயர் எதுவோ அதை முதலில் எழுதிவிடுகிறோம். அந்தக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளைக் கேட்பதில்லை. நானும் கேட்காதவன்தான்.

அக்காள் மகன் கதை

நான் ரெயில்வே குமாஸ்தா. புறநகர் நிலையம் ஒன்றில் சீசன் டிக்கெட் கொடுக்கிறேன். கல்லூரி கொடுக்கும் சலுகைப் படிவத்தோடு மாணவர்கள் வரிசையாக என் ஜன்னலில் நிற்பார்கள். எந்தக் கல்லூரி என்பது படிவத்திலேயே இருக்கும்.

2022-ல் என் அக்காள் மகனுக்கு அறிவியல் பிரிவில் இடம் தேடினோம். அத்தான் ஓட்டலில் வேலை பார்ப்பவர். 'பத்தாவது முடித்தவன், விவரம் தெரிந்தவன்' என்று என்னிடம் பொறுப்பை விட்டார். பெயர் பெற்ற கல்லூரி ஒன்றை முதலில் எழுதினேன். இடமும் கிடைத்தது. இனிப்பு வாங்கிக் கொடுத்தோம்.

தீபாவளிக்குப் பிறகு பையன் சலுகைப் படிவத்தோடு வரவில்லை. "ஏண்டா, சீசன் புதுப்பிக்கவில்லையா?" என்று கேட்டேன். "காலேஜுக்குப் போனால்தானே மாமா சீசன் வேண்டும்?" என்றான்.

விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கல்லூரிக்கும் ஒரு தனியார் பயிற்சி வகுப்புக்கும் ஏற்பாடு. இதை இங்கே 'இன்டகிரேட்டட்' என்பார்கள். பணம் கட்டிய பிள்ளைகள் பயிற்சி வகுப்பில் இருப்பார்கள். கல்லூரியில் வருகை மட்டும் பதிவாகும். பணம் கட்ட முடியாத நாலைந்து பேருக்காக யார் பாடம் நடத்துவார்கள்? காலி வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பையன் வீட்டோடு இருந்துவிட்டான்.

2024-ல் 12-ம் வகுப்பில் இயற்பியலில் தவறினான். துணைத் தேர்வில் தேறினான். அதற்குள் அவன் விரும்பிய பி.எஸ்சி. இடங்கள் நிரம்பிவிட்டன. இந்த முறைகேட்டைத் தடுக்க அறிவியல் ஜூனியர் கல்லூரிகளில் பயோமெட்ரிக் வருகைப்பதிவு வேண்டும் என்று மாநில அரசு 2018-லேயே உத்தரவிட்டிருந்தது. ஆனால் வகுப்பு நடக்கிறதா இல்லையா என்பது உத்தரவைப் பார்த்தால் தெரியாது. அங்கே படிக்கிறவனுக்குத்தான் தெரியும். அதே கல்லூரி மாணவர்கள் என் ஜன்னலில்தான் நின்றார்கள். ஒருவனையாவது ஒரு வார்த்தை கேட்டேனா?

எப்படிக் கேட்பது?

2025-ல் பையனின் தங்கை 10-ம் வகுப்பு தேறினாள். வணிகவியல் படிக்க ஆசை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். இந்த முறை, மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில், படிவத்தோடு வந்த பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

முதலில் "உங்கள் காலேஜ் நல்லதா?" என்று கேட்டேன். எல்லோரும் "நல்ல காலேஜ்தான் அங்கிள்" என்றார்கள். யார் தன் கல்லூரியை விட்டுக் கொடுப்பார்கள்? பிறகு கேள்வியை மாற்றினேன். "கடைசியாகக் கல்லூரி நடந்த அன்று எத்தனை வகுப்பு நடந்தது?" இதற்கு உண்மையான பதில் வந்தது. ஒருத்தி "ஐந்து" என்றாள். ஒருவன் சிரித்துக்கொண்டே "ஒன்று" என்றான்.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு சிலவும் உண்டு:

* ஆசிரியர் இல்லாத பாடம் எது? எத்தனை நாளாக இல்லை?
* செய்முறை வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா? தேர்வுக்கு முன்பு மட்டும்தானா?
* சேர்க்கைக் கட்டணம் போக, ஆண்டு நடுவில் எதற்கெல்லாம் பணம் கேட்டார்கள்?
* முதல் வகுப்பு எத்தனை மணிக்கு? காலை 7 மணி என்றால் கல்யாணிலிருந்து வரும் பிள்ளை எப்போது எழுந்திருக்க வேண்டும்?
* மாணவிகளுக்கான கழிப்பறை திறந்திருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா?
* தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்தவர் ஆங்கிலத்தில் பாடம் கேட்டு எப்படிச் சமாளித்தார்?

கடைசிக் கேள்வியை என் மருமகளே கேட்டாள். அதே பள்ளியில் இரண்டு ஆண்டு மூத்த பெண் பதில் சொன்னாள். "மூன்று மாதம் அழுகைதான். கணக்குப்பதிவியல் மேடம் வகுப்பு முடிந்ததும் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்." இதை எந்த விளம்பரத் தாளில் படிக்க முடியும்?

சல்லடை வேண்டும்

மாணவர் சொல்வதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. "அட்டென்டன்ஸ் தொல்லை தாங்க முடியாது" என்பது பிள்ளைக்குக் குறை. பெற்றோருக்கு நல்ல செய்தி. "வகுப்புக்குப் போகாவிட்டாலும் கேட்க மாட்டார்கள், ஜாலி" என்பது அவனுக்குப் பெருமை, நமக்கு எச்சரிக்கை.

ஒருவர் சொல்லை நம்பாதீர்கள். ஐந்து பேரைக் கேளுங்கள். முதல் மாணவனையும் கேளுங்கள், தேர்வில் தவறியவனையும் கேளுங்கள். சேர்ந்து ஒரு மாதம் ஆனவனுக்கு ஒன்றும் தெரியாது. ஓராண்டு முடித்தவனைக் கேளுங்கள். நிர்வாகமே அழைத்து வந்து பேச வைக்கும் மாணவனை விட்டுவிடுங்கள்.

11-ம் வகுப்பு இணையவழிச் சேர்க்கையில் 10 கல்லூரிகள் வரை வரிசைப்படுத்தலாம். முதலில் எழுதிய கல்லூரியிலேயே இடம் கிடைத்தால் அதில் சேர்ந்தாக வேண்டும். வேண்டாம் என்றால் அடுத்த வழக்கமான சுற்றுகளில் வாய்ப்பு இல்லை. ஆகவே முதல் பெயரைப் பிறர் மெச்சுவதற்காக எழுதக் கூடாது. சென்ற ஆண்டு கட்-ஆப் எவ்வளவு என்று பார்ப்பது இடம் கிடைக்குமா என்று அறியத்தான் உதவும். இடம் கிடைத்த பிறகு பாடம் நடக்குமா என்பதை அது சொல்லாது.

மருமகள் முதலில் எழுதியது இரண்டு நிலையம் தள்ளி இருக்கும் சாதாரணக் கல்லூரி. "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு அங்கேயா?" என்று அக்காள்கூட வருத்தப்பட்டாள். சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு மாதம்கூடத் தவறாமல் சலுகைப் படிவத்தோடு என் ஜன்னலுக்கு வந்தாள். "நேற்று எத்தனை வகுப்பு?" என்று அவளையும் கேட்டேன். அவளுக்குப் பின்னால் நின்ற பெற்றோர் காதிலும் விழட்டுமே!