பாஸ்போர்ட் இல்லாமல் உலகம் சுற்றிய "பலே ஆசாமி": துப்புக் கொடுத்தது தலைப் பேன்!

பாஸ்போர்ட் கிடையாது. டிக்கெட்டும் கிடையாது. ஆனாலும் உலகம் பூராவும் போய்க் குடியேறி விட்ட பலே ஆசாமி ஒருவர் உண்டு. வேறு யாரும் அல்ல, நம் தலையில் குடித்தனம் நடத்தும் பேன்தான்!

பேனுக்குச் சிறகு இல்லை. தாவவும் தெரியாது. தலையோடு தலை முட்டினால் நைசாக ஊர்ந்து மாறும். கீழே விழுந்தால் ரத்தம் கிடைக்காமல் ஓரிரு நாளில் செத்துப்போகும். ஆக, மனிதன் போகாத ஊருக்குப் பேன் போக முடியாது. அதனால்தான் மனிதன் எங்கிருந்து எங்கே போனான் என்று கண்டுபிடிக்க, விஞ்ஞானிகள் பேனைப் பிடித்து "விசாரணை" நடத்துகிறார்கள்.

274 பேன்கள் சிக்கின

25 இடங்களில் பிடித்த 274 பேன்களின் மரபணுவை ஒரு விஞ்ஞானிகள் குழு ஒப்பிட்டுப் பார்த்தது. முடிவு 2023 நவம்பரில் வெளியானது. பேன்கள் இரண்டு பெரிய கோஷ்டிகளாகப் பிரிந்திருப்பது தெரிய வந்தது. ஒரு கோஷ்டி உலகம் எங்கும் இருக்கிறது. இன்னொன்று ஐரோப்பாவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் இருக்கிறது. இரண்டும் கலந்த கலப்புப் பேன்கள் பெரும்பாலும் அகப்பட்டது அமெரிக்கக் கண்டங்களில்தான்.

மத்திய அமெரிக்கப் பேனுக்கு நெருங்கிய சொந்தம் ஆசியப் பேன் என்பதும் அம்பலமானது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் இருந்து போன ஆதிகுடிகள் தலையில் ஒரு கூட்டம் போயிற்று. 1492-ல் கொலம்பஸ் போன பிறகு, கப்பலில் வந்த ஐரோப்பியர் தலையில் இன்னொரு கூட்டம் இறங்கியது. இரண்டும் "சம்பந்தம்" செய்து கொண்டதால் பிறந்தவையே கலப்புப் பேன்கள் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

மம்மி தலையில் தடயம்

ஈரை முடியில் ஒட்ட வைக்கப் பேன் ஒரு பசை விடும். அந்தப் பசையில் மனிதத் தோலின் செல்களும் சிக்கிக்கொள்ளும். அர்ஜென்டினாவில் 1,500 முதல் 2,000 ஆண்டு பழமையான மம்மிகளின் முடியில் இருந்த ஈர்ப் பசையில், அந்த மனிதர்களின் மரபணுவே கிடைத்தது. அவர்களுக்கு வடக்கு அமேசான் பகுதியோடு உறவு இருந்தது 2021-ல் வெளியான ஆய்வில் துலங்கியது.

மருந்துக்கு டிமிக்கி

ஆனால் ஆசாமி சும்மா இல்லை. பெர்மெத்ரின் என்ற பேன் மருந்துக்கு டிமிக்கி கொடுக்கும் மரபணு மாற்றம் உண்டாகி விட்டது. அமெரிக்காவின் 48 மாநிலங்களில் பிடித்த பேன்களில் இந்த மாற்றம் சராசரியாக 98 சதவீதம் இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது. மருந்து போட்டும் பேன் சாகவில்லை என்றால் வீட்டுக்காரியைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

"உன் பொண்ணாலதான் என் பொண்ணுக்கு ஒட்டுச்சு" என்று தாய்மார்கள் சண்டை போடுவதிலும் அர்த்தம் இல்லை. பேன் அசுத்தத்தின் அடையாளம் அல்ல. தினம் தலை முழுகினாலும் ஒட்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து அவமானப்படுத்துவது அநியாயம்.

மண்ணெண்ணெய் ஊற்றுவது பேராபத்து. தீப்பிடித்தால் உயிர் போகும். ஈரத் தலையில் பேன் சீப்புப் போட்டு வாருவதே பத்திரம். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் ஒரு நாள் வாரிவிட்டு நிறுத்தாமல், இரண்டு மூன்று வாரம் விடாமல் வார வேண்டும். வீட்டில் எல்லாருடைய தலையையும் ஒரே நாளில் பார்த்து விடுவது நல்லது.