கீழ்ப்பல் முந்தி நின்றால்…

வாயை மூடும்போது மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைச் சற்று மூடியபடி வெளியே நிற்க வேண்டும். பெட்டியின் மூடி பெட்டிக்கு வெளியே அமர்வது போல. சிலருக்கு ஓரிரு மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய்விடும். இதுவே முன்பல் குறுக்குக்கடி.

"கலியாணம் பேசும்போது கம்பி போட்டுக்கொள்ளலாம்" என்று பெற்றோர் பலர் நினைக்கின்றனர். ஆனால் இது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. ஒவ்வொரு கடியிலும் கீழ்ப்பல் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அதனால் அதன் முரசு கீழிறங்கி, பல் ஆடத் தொடங்கலாம். பல்லின் மிளிரியும் தேயும். தேய்ந்த மிளிரி மீண்டும் வளராது.

பாற்பல் உரிய காலத்தில் விழாவிட்டால் நிரந்தரப் பல் உட்புறமாக முளைக்கலாம். இடநெருக்கடியும் சிறுவயதில் பாற்பல்லில் பட்ட அடியும் வேறு காரணங்கள். சிலருக்குக் குறை பல்லில் இல்லை. கீழ்த்தாடை கூடுதலாகவோ மேல்தாடை குறைவாகவோ வளர்ந்திருக்கும். இது பரம்பரையாகவும் வரும்.

பல் மட்டும் பிசகியிருந்தால் சிகிச்சை எளிது. சுருள்கம்பி பொருத்திய, கழற்றி மாட்டும் தட்டு ஒன்று பல்லை மெதுவாக முன்தள்ளும். தட்டு கடைவாய்ப்பற்களை மூடி நிற்பதால் முன்பற்கள் ஒன்றோடொன்று முட்டாமல் விலகி நிற்கும். பல் திரும்பியும் இருந்தால் ஒட்டுக்கம்பி தேவைப்படும். தள்ளப்படும் பக்கத்தில் எலும்பு கரைய, மறுபக்கத்தில் புதிய எலும்பு படிகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ. தான் பல் நகரும், அவசரப்படுத்த முடியாது. சரியான இடத்துக்கு வந்த பல்லை, அதன் பின்னால் நிற்கும் கீழ்ப்பல்லே மீண்டும் உள்ளே போகாமல் தடுத்துவிடும். இச்சிகிச்சை 16, 17 வயதிலும் பலன் தரும்.

தாடை வளர்ச்சிக் குறை அப்படியல்ல. 8 முதல் 10 வயதுக்குள் கண்டறிந்தால் முகத்தில் அணியும் கருவியால் மேல்தாடையை முன்னிழுக்கலாம். பிந்தினால், குறை பெரிதாக உள்ளவர்கள் வளர்ச்சி முடியும்வரை காத்திருந்து சத்திரசிகிச்சை செய்ய நேரிடும். எந்த வகை என்பதைப் பரிசோதித்தே சொல்ல முடியும். ஆகவேதான் "பிறகு பார்ப்போம்" என்பது ஆபத்து.

கம்பி போட்டவர்கள் ஒடியல், கச்சான் அல்வா, பனாட்டு, டொபி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பல் துலக்க வேண்டும். தட்டைச் சுடுநீரில் கழுவினால் அது வளைந்துவிடும்.

13 வயது வரையான பிள்ளைகளைப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் காட்டலாம். கொடிகாமத்தில் இருக்கும் எங்களுக்குச் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை அருகிலேயே உள்ளது. தேவையானால் அங்குள்ள பல் வைத்தியர் பல்சீரமைப்பு நிபுணரிடம் அனுப்பிவைப்பார். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. முறை வரக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்காகவும் முந்திப் போவதே நல்லது.

பெற்றோரே, இன்றிரவே பிள்ளையைப் பற்களைக் கடித்துக்காட்டச் சொல்லுங்கள். மேற்பல் உள்ளே நின்றால் அடுத்த கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள்.